சுழலும் ஐவஸ் கதீட்டருக்குள் சிக்னல் எப்படிப் போய் வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டு இதயத்தைப் பார்க்கும் கூடம்தான் கேத் லேப். அங்குள்ள கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. பயோமெடிக்கல் மாணவர்களும் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்களும் ஐவஸ் இயந்திரத்தைப் பார்த்ததும் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள்: "சார், இது சுத்திக்கிட்டே இருக்கே, உள்ள இருக்கிற ஒயர் முறுக்கிக்காதா?" மிகச் சரியான கேள்வி. அதிலிருந்து கிளைத்த மற்ற கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஐவஸ் என்றால் என்ன? எதற்காக?

ரத்தக்குழாய்க்கு உள்ளேயே போய் எடுக்கும் அல்ட்ராசவுண்ட்தான் ஐவஸ் (IVUS). ஆஞ்சியோகிராமில் தெரிவது குழாய்க்குள் ஓடும் சாயத்தின் நிழல். சுவரில் எவ்வளவு கொழுப்பு படிந்திருக்கிறது, சுண்ணாம்பு எங்கே இறுகியிருக்கிறது, வைத்த ஸ்டென்ட் சுவரோடு ஒட்டி நிற்கிறதா என்பதெல்லாம் அந்த நிழலில் தெரியாது. ஐவஸில் குழாயின் குறுக்குவெட்டே வட்டமாகத் திரையில் வந்துவிடும்.

இது ஆடம்பரம் அல்ல. கொரியாவில் சிக்கலான அடைப்புகள் உள்ள 1,639 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2023-இல் வெளியானது. ஐவஸ் அல்லது ஒளியால் எடுக்கும் ஓ.சி.டி. படத்தின் துணையோடு ஸ்டென்ட் வைத்தவர்களில் இதய மரணம், அதே குழாயால் வரும் மாரடைப்பு, அதே குழாய்க்கு மறுசிகிச்சை இம்மூன்றும் சேர்ந்து 7.7 சதவீதம். ஆஞ்சியோகிராமை மட்டும் நம்பி வைத்தவர்களில் 12.3 சதவீதம். இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் படம் மங்கினால் நான் பதறுகிறேன்.

சுழற்றியே ஆகவேண்டுமா? சுழலாத கதீட்டர் இல்லையா?

இருக்கிறது. சொல்லப்போனால் அது புதிதும் அல்ல. 1972-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நிக்கோலாஸ் பாம் குழுவினர் 3 மில்லிமீட்டர் கதீட்டரின் முனையைச் சுற்றி ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் 32 சிறு படிகங்களைப் பதித்து, 5.6 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கருவியைப் பற்றி எழுதினார்கள். இன்றும் முனையில் 64 படிகங்கள் கொண்ட, 20 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் சுழலாத கதீட்டர்கள் நல்ல புழக்கத்தில் உள்ளன.

ஆனால் அதிர்வெண் ஏற ஏறத்தான் படத்தில் நுணுக்கம் கூடும். உடல் திசுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர். 20 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 77 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). 40-இல் அது 38.5, 60-இல் 26 மைக்ரானுக்குக் குறைந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கதீட்டரில் 60 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற 64 படிகங்களை வெட்டி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இணைப்புக் கொடுப்பது பெரும்பாடு. ஒரே ஒரு படிகத்தை வைத்து அதைக் கலங்கரை விளக்கம்போலச் சுழற்றிவிடுவது எளிது. எளிதான அந்த வழியில் போனால், படிகம் சுழல, இயந்திரம் நிலையாக நிற்க, நடுவில் சிக்னல் தாண்டுவது எப்படி என்ற கேள்வி வந்து நிற்கும்.

என்ன வேகத்தில் சுழலும்?

வழக்கமாக நிமிடத்துக்கு 1,800 சுற்று, அதாவது நொடிக்கு 30. ஒரு சுற்றுக்கு ஒரு படம். படிகம் நுனியில் இருந்தாலும் மோட்டார் அங்கே இல்லை. ஒன்றரை மீட்டர் தள்ளி, மேசைமேல் இருக்கும் டிரைவ் யூனிட்டில்தான் மோட்டார். நடுவில் எஃகுக் கம்பியை ஸ்பிரிங்போல் நெருக்கமாகச் சுருட்டிய டிரைவ் கேபிள் ஓடுகிறது. அந்தச் சுருளின் வயிற்றுக்குள் தலைமுடி போன்ற கோஆக்சியல் கேபிளோ முறுக்கிய இரட்டை ஒயரோ இருக்கும். மோட்டார் முனையிலிருந்து படிகம் வரை எல்லாம் ஒன்றாகவே சுழலும். ஆகவே உள்ளே இருக்கும் ஒயர் முறுக்கிக்கொள்வதில்லை. சிக்கல் ஒரே இடத்தில்தான்: டிரைவ் யூனிட்டுக்குள், சுழலும் தண்டு முடிந்து நிலையான சர்க்யூட் தொடங்கும் இடத்தில்.

படத்தில் ஒரு கோடு போடுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்த்தால் அந்த இடத்தின் அருமை புரியும். 5 மில்லிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப ஒலிக்கு 6.5 மைக்ரோநொடி போதும். அதற்குள் தண்டு திரும்புவது 0.07 டிகிரி மட்டுமே. சுழற்சி ஒலிக்கு ஒரு பொருட்டே அல்ல. எல்லாத் தொல்லையும் மின்சார இணைப்புக்குத்தான்.

முன்னும் பின்னுமாகத் திருப்பினால் போதாதா? ஒயரை நேரடியாக இணைத்துவிடலாமே?

இந்த யோசனை மெதுவாக அசையும் கருவிகளுக்குப் பொருந்தும். நொடிக்கு 30 படம் வேண்டுமென்றால் அத்தனை தடவை தண்டை நிறுத்தித் திருப்ப வேண்டும். அதைவிடப் பெரிய தடை டிரைவ் கேபிளின் அமைப்பில் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் சுருட்டிய அடுக்குகள் அவை. ஒரு திசையில் திருப்பும்போது ஓர் அடுக்கு இறுகி, மற்றது விரிந்து, இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு முறுக்கு விசையை நுனிவரை கொண்டுபோகும். திசை மாறினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். மோட்டார் திரும்பினாலும் நுனி உடனே திரும்பாது.

ஸ்லிப் ரிங் என்றால்?

சுழலும் தண்டிலிருந்து நிலையான சர்க்யூட்டுக்குச் சிக்னலைக் கடத்தும் ஒரு வழி: தண்டில் உலோக வளையங்கள், அவற்றை உரசி நிற்கும் பிரஷ்கள். அவ்வளவுதான். மிக்ஸி மோட்டாரைப் பிரித்தவர்கள் கார்பன் பிரஷைப் பார்த்திருப்பார்கள். ஓட ஓடத் தேயும், கரித்தூள் படியும், பொறி பறக்கும். ஸ்லிப் ரிங்கில் வளையம் துண்டுபடாமல் முழுசாக இருப்பதால் மிக்ஸி அளவுக்குப் பொறி வராது. தங்கம் போன்ற உலோகப் பூச்சும் தருவார்கள். சி.டி. ஸ்கேனில் நோயாளியைச் சுற்றி எக்ஸ்ரே குழாய் நிற்காமல் சுழல்வது 1980-களின் இறுதியில் வந்த ஸ்லிப் ரிங் அமைப்பால்தான். எனவே மட்டமான தொழில்நுட்பம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் ஐவஸில் திரும்பி வரும் எதிரொலி மிக மெல்லியது. பத்துக்கணக்கான வோல்ட்டில் துடிப்பை அனுப்பினால், திரும்பக் கிடைப்பது மில்லிவோல்ட்டும் அதற்குக் கீழும்தான். பிரஷ் ஒரு நுண்துகள்மேல் ஏறி இறங்கினாலும் தொடுமின்தடை துள்ளும். அந்தத் துள்ளல் எதிரொலியோடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழி இல்லை.

ரோட்டரி டிரான்ஸ்ஃபார்மர் எப்படி வேலை செய்கிறது?

ஒன்றையொன்று தொடாமலே சிக்னலைத் தாண்டவிடும் இன்னொரு வழி இது, எனக்கு மிகப் பிடித்த பாகம். வீட்டில் வி.சி.ஆர். வைத்திருந்த தலைமுறைக்கு இதைச் சொல்வது எளிது, ஏனென்றால் அவர்கள் வரவேற்பறையிலேயே இது ஓடிக்கொண்டிருந்தது. வி.சி.ஆரில் பளபளவென்று ஒரு உருளை சுழலுமே, அதில்தான் வீடியோ ஹெட் பதிந்திருக்கும். நம் நாட்டு பால் (PAL) தொலைக்காட்சி முறையில் அது நிமிடத்துக்கு 1,500 சுற்று, அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் ஏறத்தாழ 1,800. ஐவஸ் சுழலும் அதே வேகம்! ஹெட் படித்த சிக்னலை உருளையிலிருந்து வெளியே கொண்டுவர அங்கே பிரஷ் கிடையாது. உருளைக்கு அடியில் இரண்டு ஃபெரைட் (காந்தப்புலத்தை எளிதாகக் கடத்தும் பீங்கான் போன்ற பொருள்) தட்டுகள் முகத்துக்கு முகம் பார்த்தபடி இருக்கும். ஒன்று சுழலும், ஒன்று நிற்கும்.

ஐவஸிலும் அதே தத்துவம். ஒவ்வொரு தட்டிலும் வட்டமாகப் பள்ளம் வெட்டி, அதில் சில சுற்றுக் கம்பி. நடுவில் மெல்லிய காற்று இடைவெளி. ஒரு பக்கச் சுருளில் மின்னோட்டம் மாறும்போது எழும் காந்தப்புலம் இடைவெளியைத் தாண்டி மறுபக்கச் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் பாடம்தான், பாதியை வெட்டிச் சுழலவிட்டிருக்கிறோம். எதுவும் எதையும் தொடுவதில்லை. தேய ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது ஃபெரைட்டின் வகை. பவர் சப்ளைகளில் வரும் மாங்கனீஸ்-ஜிங்க் ஃபெரைட் சில மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சோர்ந்துவிடும். 40, 60 மெகாஹெர்ட்ஸுக்கு நிக்கல்-ஜிங்க் ஃபெரைட் வேண்டும். இரண்டாவது இடைவெளி. அது அகன்றால் காந்தப்புலத்தில் ஒரு பங்கு மறுபக்கம் சேராமல் வழியிலேயே சுற்றித் திரும்பிவிடும். அந்தக் கசிவு, சிக்னல் பாதையில் ஒரு காயிலைத் தொடரில் வைத்தது போலாகும். அதிர்வெண் உயர உயர அது வழியை அடைக்கும்.

கொசுறாக ஒரு நன்மையும் உண்டு. இரு பக்கமும் சுற்று எண்ணிக்கையை மாற்றி வைத்தால் இம்பீடன்ஸை, அதாவது மாறுமின்னோட்டத்துக்குச் சர்க்யூட் காட்டும் எதிர்ப்பை, பொருத்திக்கொள்ளலாம். ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் சுற்றினால் இம்பீடன்ஸ் நான்கு மடங்கு மாறும்.

தட்டு சுழலும்போது சிக்னல் ஏறி இறங்காதா?

தட்டு வட்டமாக, அச்சுக்கு நேராக இருந்தால் ஏறி இறங்காது. எந்தக் கோணத்தில் நின்றாலும் ஃபெரைட்டின் கண்ணுக்கு ஒரே காட்சிதான். பேரிங் தேய்ந்து தட்டு சாய்ந்து ஆடினால் கதை மாறும். மாவு அரைக்கும்போது கல் ஒருபக்கம் தூக்கிக்கொள்வதுபோல, சுற்றுக்கு ஒரு தடவை இடைவெளி மாறும். படத்தில் ஒரு பக்கம் மங்கும்.

காந்தத்துக்குப் பதில் கபாசிட்டர் வைத்துத் தாண்ட முடியாதா?

முடியும். இரண்டு உலோகத் தட்டோ ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளையோ போதும். 100 பிக்கோஃபாரட் கபாசிடன்ஸ் கிடைத்தால் 40 மெகாஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு சுமார் 40 ஓம், பரவாயில்லாத அளவு. ஆனால் போகவும் வரவும் இரண்டு பாதை வேண்டும், இரண்டிலும் அந்த 40 ஓம் உட்காரும். தட்டின் பரப்பும் தேவைப்படும். கையடக்கமான டிரைவ் யூனிட்டில் இடத்துக்கு ஏது வழி? டிரான்ஸ்ஃபார்மரே மேல் என்பது என் கருத்து.

பாதரசம் ஊற்றிய இணைப்பிகளும் தொழிற்சாலைகளில் உண்டு. மின்சார ரீதியாக அருமையானவை. நோயாளியின் மேசைமேல் பாதரசத்தை வைக்க நான் ஒப்பமாட்டேன்.

இணைப்பில் கொஞ்சம் சிக்னல் போனால் என்ன? பெருக்கிக்கொள்ளலாமே?

போகும் வழியில் இழந்ததை ஈடுகட்டலாம், வோல்ட்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். வரும் வழியில் இழந்ததை அப்படி மீட்க முடியாது. பெருக்கி இணைப்புக்குப் பின்னால் இருக்கிறது. அது சிக்னலைப் பெருக்கும்போது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஒரு தடவை தாண்ட 30 சதவீதம் போகிறதென்றால், போய் வருவதற்குள் பாதி காலி. ஒரே கதவு வழியாக இரண்டு தடவை நுழைகிறோம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒன்றரை மீட்டர் கேபிள்தானே? அதுவும் கணக்கில் வருமா?

கட்டாயம் வரும். இவ்வகைக் கேபிளில் சிக்னல் ஒளியின் வேகத்தில் சுமார் 70 சதவீதத்தில் ஓடும். 40 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5.25 மீட்டர், அதில் கால் பங்கு 1.3 மீட்டர். கதீட்டரின் நீளத்துக்கு மிக அருகில்! கால் அலை நீளமுள்ள கேபிள் இம்பீடன்ஸைத் தலைகீழாக்கிக் காட்டும் என்பது தொலைத்தொடர்பு பாடத்தில் படித்ததுதான். நுனியில் இருக்கும் அரை மில்லிமீட்டர் படிகம் டிரைவ் யூனிட்டில் இருந்து பார்க்கும்போது வேறு உருவத்தில் தெரியும். படிகம், கேபிள், டிரான்ஸ்ஃபார்மர் மூன்றையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும். 40 மெகாஹெர்ட்ஸ் கதீட்டரைப் பிரமாதமாக ஓட்டிய இணைப்பு 60 மெகாஹெர்ட்ஸில் சொதப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதயத்துக்குள் ஒயர் போகிறதே, ஷாக் அடிக்காதா?

நேரடியாக இதயத்தைத் தொடும் கருவிகளுக்கு உலகளாவிய தரவிதி மிகக் கடுமையானது. சாதாரண நிலையில் நோயாளிக்குக் கசியும் மின்னோட்டம் 10 மைக்ரோஆம்பியரைத் தாண்டக் கூடாது. ஏதாவது ஒரு பழுது ஏற்பட்ட நிலையிலும் 50-ஐத் தாண்டக் கூடாது.

இங்கேதான் ரோட்டரி டிரான்ஸ்ஃபார்மர் இரட்டை வேலை பார்க்கிறது. நோயாளி பக்கத்துக்கும் இயந்திரப் பக்கத்துக்கும் உலோகத் தொடர்பே இல்லை. இரு சுருள்களுக்கும் இடையே 10 பிக்கோஃபாரட் கபாசிடன்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிக மோசமான நிலையில் 230 வோல்ட் மெயின் சப்ளை முழுதும் ஒரு பக்கம் வந்துவிட்டாலும், 50 ஹெர்ட்ஸில் தாண்டுவது 0.7 மைக்ரோஆம்பியர்தான். ஸ்லிப் ரிங் வைத்தால் இந்தத் தடுப்பைத் தனியாக வேறிடத்தில் ஏற்படுத்தியாக வேண்டும்.

படத்தைப் பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நோயாளி மேசையில் படுத்திருக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

படம் ஒரு பக்கம் இழுபட்டு, மறுபக்கம் நசுங்கித் தெரிகிறதா? அது மின்சாரக் கோளாறு அல்ல. குழாயின் வளைவில் டிரைவ் கேபிள் உரசி, நுனி ஒரு சுற்றுக்குள்ளேயே விரைந்தும் தயங்கியும் ஓடுகிறது. கோணத்தை அளக்கும் என்கோடர் மோட்டார் பக்கம் இருப்பதால், நுனி தயங்குவது அதற்குத் தெரியாது. கதீட்டரின் வளையங்களை நேராக்குங்கள், பின்முனையில் வால்வை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால் தளர்த்துங்கள்.

முழுப் படமும் மங்கியோ இருண்டோ இருந்தால், முதலில் காற்றுக் குமிழியைச் சந்தேகியுங்கள். கதீட்டரின் உறைக்குள் சிக்கிய காற்று அல்ட்ராசவுண்டுக்குக் கற்சுவர் மாதிரி. சலைன் என்ற உப்புநீரைச் செலுத்தி மறுபடி ஃப்ளஷ் செய்தால் (அலசினால்) பல நேரம் படம் தெளிந்துவிடும்.

மையத்திலிருந்து விளிம்பு வரை சக்கர ஆரம்போல வெள்ளைக் கோடுகள் அங்குமிங்கும் பளிச்சிட்டு மறைந்தால் தொடுப்பு விட்டுவிட்டு வருகிறது. கதீட்டரின் இணைப்பியையோ, ஸ்லிப் ரிங் உள்ள யூனிட் என்றால் பிரஷையோ பாருங்கள். அந்தக் கோடுகள் ஒழுங்கான இடைவெளியில், மெதுவாகச் சுற்றி நகர்ந்தால் அது வெளியிலிருந்து வரும் மின் இடையூறு; சுழற்சியோடு ஒத்துப்போகாத ஏதோ ஒரு கருவி பக்கத்தில் ஓடுகிறது.

ஒரு பக்கம் மட்டும் நிரந்தரமாக மங்கலாக இருந்தால் கதீட்டரைக் குழாய்க்குள் சற்றே முன்பின் நகர்த்திப் பாருங்கள். திசுவோடு சேர்ந்து மங்கலும் இடம் மாறினால் அது நோயாளியின் உடற்கூறு, அல்லது கதீட்டர் சுவரோரம் சாய்ந்திருப்பது. எங்கே நகர்த்தினாலும் திரையில் அதே மணிக்கோணத்தில் நின்றால் சுழல் இணைப்பின் ஆட்டத்தைச் சந்தேகிக்கலாம்.

நுனியிலேயே சிப் வைத்தால் இந்தத் தொல்லை தீருமா?

நுனியில் பெருக்கி வைத்தால் சிக்னல் வலுவாகும், உண்மை. ஆனால் அந்தப் பெருக்கிக்கு நேர்மின்சாரம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் நேர்மின்சாரத்தைத் தாண்டவிடாது. படிகத்துக்குப் பதிலாகச் சிலிக்கானில் செய்யும் புதுவகைக் கபாசிட்டிவ் ஒலியுணரிகளுக்கும் அதே பிரச்சினை: அவை இயங்க நிலையான ஒரு வோல்ட்டேஜ் (பயாஸ்) தேவை. அப்போது ஸ்லிப் ரிங்குக்குத் திரும்பலாம். அல்லது டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மாறுமின்சாரத்தை அனுப்பி, சுழலும் பக்கத்தில் டயோடு போட்டு நேராக்கிக்கொள்ளலாம். இரண்டாவது வழி எனக்குப் பிடிக்கும், இரைச்சலை வடிகட்டும் பொறுமை இருந்தால்.

ஐவஸும் ஓ.சி.டி.யும் ஒரே கதீட்டரில் இருந்தால் ஒளியும் தாண்ட வேண்டும். அச்சின் நடுவில் ஒளி இழை, அதைச் சுற்றி மின் இணைப்பு. ஒளி இழையின் இரு முனைகளும் சில மைக்ரான் துல்லியத்தில் நேராக நிற்க வேண்டும் என்பதால், அந்த இணைப்பில் பேரிங்தான் ராஜா.

நுனியிலேயே நுண்மோட்டார் வைத்துக் கண்ணாடியை மட்டும் சுழற்றும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. சுழல் இணைப்பே தேவையில்லை. அதற்குப் பதிலாக மோட்டாரின் தடிமனும், அதற்குப் போகும் ஒயர் படத்தில் விழுத்தும் நிழலும் வந்து சேரும்.

டிரைவ் யூனிட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஓர் அனுபவம். ஒரு மருத்துவமனையில் நடு சிகிச்சையில் படம் கோடுகோடாகப் பளிச்சிட்டது. கதீட்டர் பழுது என்று நினைத்து மாற்றினார்கள். இரண்டாவதிலும் அதே கோடுகள். மூன்றாவதைப் பிரிக்கப் போகும்போது என்னை அழைத்தார்கள். டிரைவ் யூனிட்டின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். தொடுமுனைகளைச் சுற்றி வெள்ளையாக, உப்புப் பூத்திருந்தது. முந்தைய சிகிச்சைகளில் ஃப்ளஷ் செய்த சலைன் இணைப்பி வழியாகச் சொட்டி உள்ளே காய்ந்திருக்கிறது. ஈரமாக இருந்தபோது சிக்னலைக் கசியவிட்டது, காய்ந்தபின் தொடுப்பைத் தடுத்தது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறிய வேண்டிய, விலை அதிகமான இரண்டு கதீட்டர்கள் வீண். நோயாளி அவ்வளவு நேரம் ரத்தக்குழாய்க்குள் விட்ட கம்பியோடு காத்திருந்தார். எனக்கு அன்றைக்கு மனசே ஆறவில்லை.

ஆகவே ஃப்ளஷ் செய்வதை, கதீட்டரை யூனிட்டில் மாட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இடையில் மறுபடி செய்ய நேர்ந்தால் இணைப்பி இருக்கும் பக்கம் சிரிஞ்ச் துளையைவிட மேலே இருக்கட்டும், நீர் அதை நோக்கி வழியக் கூடாது. கையுறையின் ஈரத்தோடு இணைப்பியைத் தொடாதீர்கள். ஸ்டெரைல் உறை கிழிந்திருந்தால் டேப் ஒட்டாமல் புது உறை போடுங்கள். அன்றைய வேலை முடிந்ததும் யூனிட்டின் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள், அரை நிமிடம்கூட ஆகாது. உப்போ ஈரமோ தெரிந்தால், தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன திரவத்தாலும் துணியாலும் மட்டும் துடையுங்கள். குண்டூசி, பிளேடு எதையும் உள்ளே விடாதீர்கள். தொடுமுனையின் தங்கப் பூச்சு ஒரு கீறலில் போய்விடும். உள்ளே ஃபெரைட் தட்டு வரை திறப்பது சர்வீஸ் ஆட்களின் வேலை. அந்த இடைவெளியை ஒருமுறை கலைத்துவிட்டால் மறுபடி அளவுக்குக் கொண்டுவர அதற்கான ஜிக் (பாகங்களைச் சரியான அளவில் பிடித்து நிறுத்தும் சாதனம்) வேண்டும், அது வார்டில் இருக்காது.